யந்திரக் கைகளும் நமது தொழிலாளரும்

யந்திரம் நன்மையா தீமையா என்னும் விவாதம் நம் தேசத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. விவாதம் முடிவதற்கு யந்திரம் காத்திருக்கவில்லை. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களில் எழும்பியுள்ள பெருந்தொழிற்சாலைகளில், மனிதன் தன் கையால் செய்து வந்த வேலைகளில் ஒரு பகுதியை இன்று ரோபோ என வழங்கும் யந்திரக் கைகள் செய்து வருகின்றன. அத்தொழிற்சாலைகளின் பஸ்கள் திருத்தணி, அரக்கோணம் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்து வாலிபர்களையும் பெண்களையும் ஏற்றிச் செல்வதை நேயர்கள் அறிவார்கள். ஆகவே இவ்விஷயம் பண்டிதர்களின் தர்க்கத்திற்கு மட்டும் உரியதன்று. நமது வட்டாரத்தில் பல வீடுகளில் அடுப்பெரிவதையும் பொறுத்ததாகும்.

இதில் இரு சாரார் இருவிதமாகப் பேசுகின்றனர். ரோபோ வந்தால் வேலை போயிற்று, ஆதலால் அதைத் தடுக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். ரோபோ வராவிடில் தொழிலே போயிற்று, ஆதலால் எந்த நிபந்தனையுமின்றி அதை வரவேற்க வேண்டும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுக்களையும் உண்மைகளைக் கொண்டு பரிசீலிப்பது அவசியமாகும்.

ரோபோ என்னும் சொல் பிறந்த கதையே ஆராயத்தக்கது. செக் நாட்டு ஆசிரியரான காரெல் சாப்பெக் 1920-ம் ஆண்டில் எழுதிய ஒரு நாடகத்தில் அச்சொல்லை முதன் முதலில் வழங்கினார். அவர் பாஷையில் அதன் மூலச் சொல்லுக்குக் கட்டாய ஊழியம் என்பது பொருள். நம் கிராமங்களில் வெட்டி என்றும் அமஞ்சி என்றும் சொல்லி வந்தார்களே, அதுவே. ஊதியமின்றி ஆண்டைக்கு உழைக்கும் ஊழியனைக் குறித்த சொல், இன்று ஊதியம் கேளாத யந்திரத்திற்குப் பெயராய் அமைந்து விட்டது.

அமெரிக்கராகிய ஜார்ஜ் டெவால் என்பவர் 1954-ல் இத்தகைய யந்திரக் கைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். ஜோசப் எங்கல்பர்கர் அவருடன் சேர்ந்து அதைத் தொழிலாக நடத்தினார். 1961-ல் நியூஜெர்ஸியிலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 'யூனிமேட்' என்ற முதல் ரோபோ வேலைக்கு அமர்ந்தது. அச்சிலிருந்து வெளிப்படும் கொதிக்கும் உலோகத் துண்டுகளை எடுத்து அடுக்குவதே அதற்கிட்ட பணி. மனிதன் கை வெந்து போகக் கூடிய பணி. இன்றைய ரோபோவுக்குப் பெரும்பாலும் தோள், முழங்கை, மணிக்கட்டு என்று சொல்லத்தக்க 6 மூட்டுக்கள் உண்டு. மூட்டுக்கு ஒரு மோட்டார். கை செல்ல வேண்டிய வழியைத் தொழிலறிந்தவர் ஒருவர் ஒரு முறை கற்பித்து விட்டால், கம்ப்யூட்டர் அதை மறவாமல் ஆயிரம் முறை, லட்சம் முறை திருப்பிச் செய்விக்கும். ஒரு மோட்டார் காரின் இரும்புக் கூட்டிற்குச் சில ஆயிரம் இடங்களில் வெல்டிங் புள்ளி வைக்க வேண்டும். இந்த வேலையும் பெயிண்ட் அடிக்கும் வேலையுமே ரோபோவிற்கு முதலில் கைவந்தவை.

ஆயினும் ரோபோவால் எல்லாம் ஆகிவிடும் என்று எண்ணுவதும் பிசகு. காரின் உள்ளே ஒயர்களை நுழைப்பது, ஆசனங்களைப் பொருத்துவது, வளைந்து கொடுக்கும் ரப்பரைச் சரியாக அழுத்துவது முதலிய வேலைகளை இன்றளவும் பெரும்பாலும் மனிதக் கைகளே செய்கின்றன. அமெரிக்காவில் டெஸ்லா கம்பெனி எல்லாவற்றையும் யந்திரத்திடம் ஒப்படைக்கப் பார்த்து உற்பத்தி தடைப்பட்ட பிறகு, அவ்வாறு அளவு மீறிச் சென்றது தவறே என்று அதன் தலைவர் ஈலான் மஸ்க் 2018-ல் ஒப்புக்கொண்டார். பாக்ஸ்கான் கம்பெனியின் தலைவராயிருந்த டெர்ரி கோ, சில ஆண்டுகளில் பத்து லட்சம் ரோபோக்களை வேலைக்கு வைக்கப் போவதாக 2011-ல் அறிவித்தார். அது அவர் சொன்னபடி நிறைவேறவில்லை. அதே பாக்ஸ்கானுக்காக நம் ராஜ்யத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கான விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. செல்போனின் சிறு திருகாணிகளைப் பொருத்தப் பெண்களின் விரல்கள் இன்னும் வேண்டியிருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆனால் அந்த விரல்கள் வேண்டியிருப்பதற்குக் காரணம் அவற்றின் திறமை ஒன்றே என்று நாம் ஏமாந்துவிடலாகாது. அவை மலிவாகக் கிடைப்பதும் ஒரு காரணம். யந்திரத்தின் விலை நாளுக்கு நாள் இறங்கி வருகிறது. கூலியோ சிறிதேனும் ஏறியே தீரும். இவ்விரு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும் நாளில் முதலாளி எந்தப் பக்கம் சாய்வான் என்பதை ஜோஸியரிடம் கேட்டறிய வேண்டியதில்லை.

கணக்கைப் பார்ப்போம். சர்வதேச ரோபோ சம்மேளனம் வெளியிட்டுள்ள அறிக்கையின்படி 2023-ம் ஆண்டில் உலக முழுவதிலும் தொழிற்சாலைகளில் புதிதாக நிறுவப்பட்ட ரோபோக்கள் 5,41,000-க்கு மேல். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை சீனாவில் நிறுவப்பட்டன. இந்தியாவில் நிறுவப்பட்டவை 8,510. தொகை சிறிதெனினும் முந்தைய ஆண்டினும் இது 59 சத விகிதம் அதிகம். அதில் பெரும் பங்கு மோட்டார் தொழிலைச் சேர்ந்தது. அதே ஆண்டில் தென் கொரியாவில் 10,000 தொழிலாளருக்கு 1,012 ரோபோக்கள் இருந்தன. உலகச் சராசரி 162. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்து வரும் ஹியூண்டாய் அந்தத் தென் கொரியாவின் கம்பெனியே. மனித உருவில் நடக்கும் ரோபோவைச் செய்து புகழ் பெற்ற பாஸ்டன் டைனமிக்ஸ் ஸ்தாபனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை அந்தக் குழு 2021-ல் வாங்கிவிட்டது. அங்கே பழகிய யந்திரம் இங்கே வராமலிருக்க என்ன தடை இருக்கிறது?

நிற்க. வேலை போவதற்கெல்லாம் ரோபோவே காரணம் என்பாருக்கு ஒன்று கூற வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றனர். மறைமலைநகர் போர்டு தொழிற்சாலையை மூடப் போவதாக 2021-ல் அறிவித்து, 2022-ல் உற்பத்தியை நிறுத்தினர். இவ்விரண்டையும் மூடியது யந்திரக் கை அன்று. வரி வழக்கும், கம்பெனி கைமாறியதும், சந்தையில் தோற்றதும், நஷ்டக் கணக்குமே மூடின. எனவே ரோபோவைத் தடுத்துவிட்டால் வேலை நிலைத்துவிடும் என்பது ஆதாரமற்ற நம்பிக்கை. தென் கொரியாவில் அத்தனை ரோபோக்கள் இருந்தும் அந்த நாட்டார் பட்டினி கிடக்கவில்லை என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை.

எனினும் இதைக் கொண்டு நிபந்தனையற்ற வரவேற்புக் கூறுவாருக்கு நம் சுற்றுப்புறமே ஒரு பாடம் வைத்திருக்கிறது. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு முதலிய ஊர்களில் கைத்தறி ஓசை கேட்ட வீதிகளில் விசைத்தறி ஓசை கேட்கலாயிற்று. கைத்தறியைக் காக்கும் பொருட்டுச் சில ஜவுளி ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-ல் பார்லிமெண்டு சட்டம் செய்தது. முதலில் 22 ரகங்கள் ஒதுக்கப்பட்டன. பிறகு அவை 11 ஆகச் சுருங்கின. சட்டம் ஏட்டிலிருக்க, ஒதுக்கிய ரகங்களையே விசைத்தறி நெய்து கடைக்கு அனுப்பிற்று. தறியைச் சொந்தமாக வாங்க இயன்றவன் ஒருவாறு நிமிர்ந்தான். இயலாதவன் பிறன் தறியில் கூலிக்கு நின்றான். பின்னர் அந்த விசைத்தறிக்காரனும் நூல் விலையிலும் மின்சாரக் கட்டணத்திலும் சிக்கிக் கொள்ள, இரு மாதங்களுக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 1,000 யூனிட்டாகச் சர்க்கார் 2023-ல் உயர்த்த வேண்டியதாயிற்று. யந்திரம் வந்தபோது அது யாருக்குச் சொந்தம், அதன் லாபம் யாருக்கு, இடம் பெயர்ந்தவனுக்கு மாற்று என்ன என்று எவரும் கேட்கவில்லை. கேளாத கேள்விக்குரிய கடனை இரண்டு தலைமுறை நெசவாளர் செலுத்தி வருகின்றனர்.

மகாத்மா காந்தி யந்திரத்தின் விரோதி என்று சொல்லித் தப்பித்துக் கொள்வோர் ஓர் உண்மையை மறந்து விடுகின்றனர். 1924-ல் இதைப் பற்றிக் கேள்வி எழுந்தபோது அவர் சிங்கர் தையல் யந்திரத்திற்கு விலக்களித்தார். உழைப்பவனின் சிரமத்தைக் குறைப்பதற்கா, அல்லது சிலர் கையில் பொருளைக் குவிப்பதற்கா என்பதே அவர் யந்திரத்தை உரைத்துப் பார்த்த உரைகல். தஞ்சையில் பிறந்து, 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய ஜே. சி. குமரப்பாவும் பொருளாதாரத்தை மனிதனை வைத்தே அளந்தார். அதே உரைகல்லில் ரோபோவையும் உரைத்துப் பார்ப்போமாக. வெல்டிங் புகையிலும் பெயிண்ட் ஆவியிலும் நுரையீரலைத் தேய்க்கும் வேலை, உலைக்கருகில் நின்று கருகும் வேலை, பிரஸ் யந்திரத்தில் விரலைப் பலியிடும் வேலை ஆகியவற்றை ரோபோ எடுத்துக் கொள்ளட்டும்; அதை எதிர்ப்பவன் தொழிலாளரின் நண்பனாகான். ஆனால் ரோபோவும் ஆபத்தற்றதன்று. 1979-ல் அமெரிக்காவில் போர்டு வார்ப்படச் சாலையிலும், 2015-ல் நம் நாட்டில் மானேஸரிலும் ரோபோவின் கைக்குள் அகப்பட்டுத் தொழிலாளர் மாண்டனர். வேலியும், மனிதன் நெருங்கினால் தானே நிற்கும் ஏற்பாடும் இன்றி ஒரு ரோபோவும் இயங்கலாகாது.

இனி சட்டத்தின் நிலையைக் கவனிப்போம். 1947-ம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் 9-ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. ஆட்குறைப்பில் முடியக் கூடிய விதத்தில் யந்திரத்தையோ வேலை முறையையோ முதலாளி மாற்றக் கருதினால், 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்தே செய்ய வேண்டும் என்று அது விதித்தது. அச்சட்டத்தின் இடத்தில் 2020-ம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ம் தேதி முதல் அமலுக்கு வந்துள்ளது. முன்னறிவிப்பு விதி அதன் 40-வது பிரிவில் தொடர்கிறது. அதற்கு நாம் நன்றி பாராட்டுகிறோம். ஆட்குறைப்புக்கு ஆளானவருக்குப் புதுத் தொழில் கற்பிக்கும் பொருட்டு, முதலாளி 15 நாள் சம்பளத்தை ஒரு நிதிக்குச் செலுத்த வேண்டுமென்ற விதியும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. இதுவும் நல்ல நோக்கமே. ஆனால் ஒருவன் ஒரு புதிய தொழிலைக் கற்றுத் தேறவும், அதுவரை தன் குடும்பத்தைக் காக்கவும் 15 நாள் கூலி எம்மாத்திரம்?

தொகுப்பின் குறைகள் இத்துடன் நில்லா. சர்க்காரின் முன் அனுமதி பெற்றே ஆட்குறைப்புச் செய்ய வேண்டுமென்ற விதி முன்பு 100 பேர் வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் பொருந்தியது. இப்போது 300 பேருக்குக் குறையாத தொழிற்சாலைக்கே பொருந்தும். குறித்த காலத்திற்கென்று நியமிக்கப்பட்டவனின் காலம் முடிந்து அவனை அனுப்பினால் அது ஆட்குறைப்பாகவே கருதப்படமாட்டாது. ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை இதனினும் மோசம். அவன் யந்திரத்தினருகில் நிற்பது தொழிற்சாலையில். சட்டப்படி அவன் ஆள் கான்ட்ராக்டருக்கு. யந்திரம் வந்து அவனுடைய இடத்தை எடுத்துக் கொள்ளும் நாளில் தொழிற்சாலை, 'நீ எங்கள் ஆள் அல்லவே' என்னும். கான்ட்ராக்டர், 'அங்கு இடமில்லையே' என்பான். மத்திய சர்க்காரின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி 2022-23-ல் தொழிற்சாலைத் தொழிலாளரில் பத்துப் பேருக்கு நால்வர் இவ்வாறு கான்ட்ராக்டர் வழியே வந்தவர்கள். நம் வட்டாரத்து வாலிபர்களில் எத்தனை பேர் இந்த வாயில் வழியாக நுழைந்தார்கள் என்பதை அந்தந்த வீட்டாரே அறிவர். ரோபோவின் முதல் அடி விழப் போவது நிரந்தரத் தொழிலாளியின் மீதன்று. எந்த முன்னறிவிப்புக்கும் உரிமையற்ற இவர்கள் மீதேயாம்.

முன்னறிவிப்பைப் பெற்றுக் கொள்ளவும், அதன்மேல் பேசவும் ஒரு சங்கம் வேண்டாமா? ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர் 2024 செப்டம்பர் 9-ம் தேதி முதல் 37 நாட்கள் வேலை நிறுத்தம் செய்தனர். அவர்களுடைய கோரிக்கைகளில் முதன்மையானது தங்கள் சங்கத்திற்கு அங்கீகாரம் என்பதே. அச்சங்கம் பதிவு பெற 2025 ஜனவரி வரை ஆயிற்று. 1918-ல் சென்னையில் வாடியாவும் திரு. வி. க.வும் பிற தலைவர்களும் தொழிலாளர் சங்கம் கண்டு ஒரு நூற்றாண்டு கடந்த பிறகும், சங்கம் வைக்கும் உரிமைக்கே 37 நாள் கூலியை இழக்க வேண்டியிருந்தது என்றால், யந்திரத்தைப் பற்றிப் பேச எத்தனை நாள் இழக்க வேண்டுமோ!

இன்னுமொரு விந்தை. களைப்பறியாத யந்திரத்தை ஒருபுறம் நிறுத்திக் கொண்டே, மனிதனையும் களைப்பறியாதவனாக்க முயல்கின்றனர். தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடந்தரும் மசோதா 2023 ஏப்ரலில் நம் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கட்சிகளும் கிளப்பிய எதிர்ப்பின் பேரில் மே தினத்தன்று அது வாபஸ் பெறப்பட்டது. யந்திரத்தால் உற்பத்தி பெருகுமாயின் அதன் பயனாக வேலை நேரம் குறைய வேண்டும் என்பதே நியாயம். உற்பத்தியும் பெருகி, வேலை நேரமும் பெருகுமாயின், அந்தப் பெருக்கம் யாருடைய களஞ்சியத்திற்குப் போகிறது என்று கேட்கும் உரிமை ஜனங்களுக்கு உண்டு.

சுதேசி உணர்ச்சியுடைய நேயர்கள் மற்றொரு கேள்வியையும் கேட்பார்கள்: இந்த ரோபோக்களைச் செய்வோர் யார்? நம் தொழிற்சாலைகளில் காணும் யந்திரக் கைகளில் மிகுதியானவை ஜப்பான், ஐரோப்பா முதலிய இடங்களைச் சேர்ந்த கம்பெனிகளின் பெயர் தாங்கியவை. சீனாவும் ஒரு காலத்தில் இப்படியே இருந்தது. அந்த நாட்டுக் கம்பெனியொன்று ஜெர்மனியின் புகழ் பெற்ற கூக்கா ஸ்தாபனத்தின் பெரும் பங்குகளை 2016-17-ல் வாங்கிற்று. 2024-ல் சீனாவில் விற்ற ரோபோக்களில் பாதிக்கு மேல் சீனரே செய்தவை. நம்மிடமும் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. அந்நிய நாட்டு நூற்பு யந்திரங்களை எதிர்பார்த்திருந்த நம் மில்களுக்கு இங்கேயே யந்திரம் செய்து தரக் கோயமுத்தூரில் 1962-ல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தோன்றவில்லையா? வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய போது கப்பலையே வெறுக்கவில்லை. கப்பல் அந்நியனுடையதாய் மட்டுமே இருப்பதைத்தான் வெறுத்தார். ரோபோ விஷயத்தில் நாம் கொள்ள வேண்டிய மனோபாவமும் அதுவே. அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் 71-ஐ டாடா டெக்னாலஜீஸ் கூட்டுறவுடன் ரூ. 2,877 கோடிச் செலவில் புதுப்பிக்கும் ஏற்பாடு பாராட்டத்தக்கது. ரோபோவை ஓட்டக் கற்பதோடு நில்லாமல், பழுது பார்க்கவும் செய்யவும் கற்பிக்கும் இடமாக அவை ஆக வேண்டும்.

எல்லையோரத்தில் வாழும் நமக்கு மட்டும் தெளிவாகத் தெரியும் விஷயம் ஒன்றுண்டு. திருத்தணி எந்த ராஜ்யத்தைச் சேர்ந்தது என்பதற்காகச் சிறை சென்றோர் உண்டு; ம. பொ. சி. முதலியோர் நடத்திய கிளர்ச்சியின் பயனாக 1960 ஏப்ரல் 1-ம் தேதி இவ்வூர் தமிழகத்துடன் சேர்ந்தது. மனிதருக்கு வகுத்த அந்த எல்லை மூலதனத்திற்கு இல்லை. எல்லைக்கு அப்பால் ஆந்திராவில் தடாவுக்கருகில் ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம் எழுந்திருக்கிறது. தமிழ்நாடு ஒரு நிபந்தனை விதித்தால் ஆந்திராவைக் காட்டுவதும், ஆந்திரா விதித்தால் தமிழ்நாட்டைக் காட்டுவதும் முதலாளிகளுக்கு எளிது. இரு ராஜ்யங்களும் போட்டியிட்டு நிலத்தையும் வரிச் சலுகையையும் வாரி வழங்குகின்றன. இந்நிலையில் யந்திரத்தைப் பற்றிய நியாயமான விதி எதுவாயினும் அது தேச முழுமைக்கும் பொதுவான விதியாயிருத்தல் வேண்டும். இல்லையேல் தமிழ்த் தொழிலாளியும் தெலுங்குத் தொழிலாளியும் ஒருவர் கூலியை ஒருவர் அறுப்பதே மிஞ்சும்.

ஆகவே நாம் கோருவன நான்கு. முதலாவது, யந்திர மாற்றத்தைப் பற்றிய முன்னறிவிப்பு கான்ட்ராக்டு, குறித்த காலத் தொழிலாளர் ஆகியோருக்கும் பொருந்துமாறு மத்திய சட்டத்தைத் திருத்த வேண்டும். இரண்டாவது, புதுத் தொழில் கற்கும் நிதிக்கு 15 நாள் என்ற அளவைப் பயிற்சிக் காலம் முழுவதற்கும் போதுமான அளவாக உயர்த்த வேண்டும். மூன்றாவது, சர்க்காரிடம் நிலமும் சலுகையும் பெறும் தொழிற்சாலை, தான் நிறுவும் ரோபோ எத்தனை, அதனால் இடம் மாறியவர் எத்தனை, அவர்களில் மறுபடி வேலை பெற்றவர் எத்தனை என்பதை ஆண்டுதோறும் பகிரங்கப்படுத்த வேண்டும். ஜனங்களின் பணத்தைப் பெறுவோர் ஜனங்களுக்குக் கணக்குக் காட்டுவதில் அநீதி ஏதுமில்லை. நான்காவது, உள்நாட்டில் ரோபோ செய்வோருக்கு ஆதரவளிக்கும்போது, கைக்கு எட்டும் விலையில் சிறு பட்டறைகளுக்குப் பயன்படும் யந்திரங்களுக்கே முதலிடம் தர வேண்டும். அவ்வாறாயின் விசைத்தறி விஷயத்தில் நேர்ந்தது போல, வாங்க இயன்றவன் பிழைக்க, இயலாதவன் கூலியாளாகும் நிலை வராது.

தேச ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்தல் வந்தால் மட்டும் தொழிலாளர் வீட்டை நாடுவது போதாது. அவரவர் கிராமத்திலிருந்து தொழிற்சாலைக்குச் செல்வோர் எத்தனை பேர், அவர்கள் யாருடைய சம்பளப் பட்டியலில் இருக்கின்றனர், நியமனக் கடிதம் உண்டா, எத்தனை மாதத்திற்கு வேலை என்பவற்றை இப்போதே விசாரித்துக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். ரோபோ வந்து நின்ற பிறகு கோஷமிடுவதால் பயனில்லை. அது வருமுன் கையில் கணக்கோடும் சட்டப் புத்தகத்தோடும் நிற்பவனுடைய பேச்சுத்தான் அதிகாரிகள் மன்றத்திலும் நியாய ஸ்தலத்திலும் எடுபடும்.